இழுக்கும்லா

கிள்ளானிலிருந்து அம்பாங் வரை எந்தத் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தாலும் 'இழுக்கும்லா' இனத்தவர் ஒருவரையாவது பார்க்காமல் நீங்கள் வெளியே வர முடியாது. அடையாளம் சொல்கிறேன். காரின் பின்னால் டிரெய்லர் மாட்ட யாரோ பற்றவைத்துக் கொடுத்த கொக்கி ஒன்று இருக்கும். அந்தக் கார் எவ்வளவு இழுக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். டயரைக் காலால் ஒரு தட்டு தட்டுவார், எஞ்சின் மூடியைத் தடவுவார், பிறகு திருவாய் மலர்வார்: "இழுக்கும்லா." இழுத்ததை எப்படி நிறுத்துவது? அந்தக் கேள்வி அவர் பரம்பரையிலேயே கிடையாது.

கிள்ளான் கமலநாதன் இந்த இனத்தில் அசல் வித்து. அவர் மனைவி வாணிக்கு ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. லோரிகளை எடைமேடையில் ஏற்றி, பாரம் மிஞ்சினால் வாசலோடு திருப்பி அனுப்புவாள். பன்னிரண்டு வருடமாக லோரி ஓட்டுநர்கள் அவள் பேச்சுக்குக் கட்டுப்படுகிறார்கள். வீட்டுக்காரருக்கு மட்டும் அவள் அபிப்பிராயம் தேவைப்பட்டதில்லை.

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை. பத்துமலையில் வருடா வருடம் அவர் போடும் தண்ணீர்ப் பந்தலுக்காக டிரெய்லரில் கூடாரக் குழாய்கள், மேசைகள், சமையல் கேஸ் தோம்பு, மூன்று அண்டாக்கள் ஏறின. அவற்றோடு அறுநூறு லிட்டர் தொட்டி, அதுவும் வழிய வழிய. பத்துமலையில் குழாய் இருக்கிறது. ஆனால் வேண்டுதல் நம்முடையது, தண்ணீரும் நம் வீட்டுத் தண்ணீராக இருக்க வேண்டும் என்பது கமலநாதனின் சித்தாந்தம். காரின் பின்பக்கம் தரையோடு உட்கார, முன்விளக்குகள் வானத்தைப் பார்த்தன.

வாணி காரின் கையேட்டை எடுத்து, ஆறு வருடமாகப் பிரிக்காத பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்தாள்.

"என்னங்க, பிரேக் இல்லாத டிரெய்லர்னா ஐந்நூறு கிலோதான் போட்டிருக்கு. டிரெய்லரோட எடையும் சேத்து."

"அது வெள்ளைக்காரன் ரோட்டுக்கு எழுதினது."

"தண்ணி மட்டுமே அறுநூறு கிலோ."

"தண்ணி என்னா வெயிட்டு? குடிக்கிறதுதானே. போன வருசமும் இழுத்துச்சுலா."

கார் இழுத்தது. அதில் குறை சொல்ல முடியாது. ஷா ஆலம் இறக்கத்தில் சிவப்பு விளக்கு விழுந்தபோதுதான் விஷயம் வேறாகிவிட்டது. கமலநாதன் பிரேக்கை அழுத்தினார். கார் நிற்கச் சம்மதித்தது, டிரெய்லர் சம்மதிக்கவில்லை. பின்னாலிருந்து காரைத் தள்ளிக்கொண்டு போனது. முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள்; அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பையோடு ஒரு சிறுமி. வாணி தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தாள். பம்பருக்கும் அந்தப் பைக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும்போது கார் நின்றது. சிறுமி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வாணிக்கு அழுகை வந்தது.

"ஃபேக்டரிக்கு விடுங்க," என்றாள்.

கமலநாதன் விட்டார். டிரெய்லரைக் கழற்றி எடைமேடையில் தனியாக நிறுத்தினார்கள். எண் விழுந்தது: ஆயிரத்து நூற்று இருபது.

"ஒங்க மெஷின் ஸ்பாயில்."

"அந்த மெஷினப் பாத்துத்தான் தினம் லோரியத் திருப்பி அனுப்புறேன். இன்னைக்கு ஒங்களையும் அனுப்புறேன். தொட்டியத் தெறங்க."

வேண்டுதல் தண்ணீர் அரைமணி நேரம் தொழிற்சாலைக் கால்வாயில் ஓடியது. பிறகும் இருபது கிலோ மிஞ்ச, அண்டாக்கள் காருக்குள் வந்தன. பத்துமலை வரை வாணி ஓர் அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

பந்தலில் பக்கத்துக் கூடாரத்துக்காரர் முகுந்தன் தன் வேனையும் டிரெய்லரையும் பார்த்து, இவ்வளவும் இழுக்குமா என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். கமலநாதன் டயரைத் தட்டவில்லை. மாறாகத் தொண்டையைச் செருமினார்.

"பாஸ், டிரெய்லர்னா எடை பாத்து இழுக்கணும்லா. தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ. நானெல்லாம் ஐந்நூறுக்கு மேல ஏத்தவே மாட்டேன்."

மீசையில் ஒரு மண் ஒட்டவில்லை. வாணி மோர் ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். போகட்டும், அந்தச் சிறுமி இன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை பந்தல் பிரித்தார்கள். முகுந்தன் கூடாரத்தில் மீந்த அரிசி மூட்டைகள் ஆறு. கிள்ளான் வரை போகிற வண்டிதானே, ஏற்றிக்கொள்ள முடியுமா என்று முகுந்தன் கேட்டார். கமலநாதனின் கால் தானாக டயரை நோக்கிப் போனது. வாணியைப் பார்த்தார். பாதி வழியில் கால் நின்றது. டிரெய்லரைவிட அது பரவாயில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் டிரெய்லர் இல்லைதான். பண்டிகைக்குச் சொந்த ஊருக்குப் பலிக் கம்போங் போகையில் ஐந்து பேர் உட்காரும் கார் ஒன்றில் ஏழு பேரும் பலாப்பழமும் ஏறியபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? அது கிடக்கட்டும். உங்கள் காரின் கையேடு முன்பெட்டிக்குள்தானே இருக்கிறது? போய்ப் பாருங்கள், பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியாமல் இருக்கும்.