ரோசாச் செடிக்கு வைத்த பொட்டு

மஹய்யாவ, கண்டி.
1933, ஆவணி, செவ்வாய்க்கிழமை.

பேரன்பும் பெருமதிப்பும் உடைய மாமா அவர்களுக்கு, மருமகள் பத்மாதேவி பணிந்து எழுதுவது. கந்தன் கிருபையால் அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். ரோசாச் செடிகள் மட்டும் சுகமில்லை என்று ஒரு துரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அங்கு மாமி, மச்சான்மார், பசு எல்லோரும் நலமென்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற சனிக்கிழமை இங்கே பூக்கண்காட்சி நடந்தது. ரோசாவுக்கான வெள்ளிக் கிண்ணம் இதுவரை தேயிலைத் தோட்டத்துத் துரைசானிமாருக்கே போயிருக்கிறது. அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் ஒருவரும் பெற்றதில்லை. பெறப்போகும் முதல் கிளாக்கர் தாமே என்று அப்பா இரண்டு வருடமாக உறுதியாக இருந்தார். பக்கத்து வீட்டுக் கடைக்கார ஹபீல் நானா கொடுத்த ஒரு தடியில் தொடங்கிப் பதினான்கு செடி உண்டாக்கினார். சாணத்தை அம்மாவின் மா அரிதட்டில் அரித்துப் போட்டார். அம்மா வேறு அரிதட்டு வாங்கினார். மழை பெய்தால் பூவுக்குக் குடை பிடித்துத் தாம் நனைவார். கண்காட்சிக்கென்று தெரிந்தெடுத்த செடியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பூ, என் இரண்டு கையும் சேர்ந்த அளவு, மலர்ந்திருந்தது.

சனிக்கிழமை காலை அப்பா குளிக்கப் போனதும் அம்மா கண்மைச் சிமிழோடு வந்தார். "ஊர்ச்சனம் முழுக்கப் பார்க்கப்போகுது. பச்சைப் பிள்ளையைப் பொட்டு வைக்காமல் வெளியில கொண்டுபோவமே? கண் பட்டு நாவூறு வந்திடும்" என்றார். பூவில் வைத்தால் வடிவு கெட்டுவிடும் என்று, யோசித்து, இலைகளில் மூன்று பொட்டு வைத்தார். செடிச் சாடியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். "கொப்பருக்குச் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு" என்றார். அப்பாவுக்குச் சொல்லமாட்டேன் என்று பண்ணினேன். தங்களுக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா கேட்கவில்லை.

கூடாரத்தில் நடுவராக வந்த வயதான துரை, அப்பாவின் பூவை முகர்ந்து கண்ணை மூடினார். அப்பாவும் கண்ணை மூடினார். பிறகு துரை பூதக்கண்ணாடியை எடுத்து இலையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். ஒரு அட்டையில், இது கரும்புள்ளி நோய், மற்றச் செடிகளுக்கு அருகில் வைக்கக்கூடாது என்று எழுதினார். இரண்டு பேர் சாடியை உடம்பில் படாமல் தூக்கிக்கொண்டுபோய் வண்டி மாடுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அப்பா அட்டையை மூன்று முறை வாசித்தார். "அப்பா, அது..." என்று தொடங்கினேன். அம்மா கிள்ளினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேரே வேலிக்குப் போய், "நானா, உங்கடை தடியிலதான் இந்தப் புள்ளி வருத்தம் வந்திருக்கு" என்றார். ஹபீல் நானா, "என்ட ரோசா பத்து வருசமா நல்லாத்தானே ஈக்கிது ஐயா. ஒங்கட ஊட்டுத் தண்ணி சரியில்ல போல" என்றார். அன்று தொடக்கம் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அப்பா நூல்நிலையத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்து என்னை வாசிக்கச் சொன்னார். நோய் கண்ட செடிகளைப் பிடுங்கி எரிக்கவேண்டும் என்று அதில் இருந்தது. இருந்ததை வாசித்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினான்கு செடியையும் எரிப்பதாக அப்பா முடிவு செய்திருக்கிறார். அதுவரை அவற்றுக்குக் குடை பிடிக்கிறார். அம்மா அடுப்படியில் அழுகிறார், ஆனால் சொல்லமாட்டாராம்.

ஆகையால் மாமா, யாழ்ப்பாணத்து ரோசாக்களுக்கும் இப்படிக் கரும்புள்ளி வருவதுண்டு, அது நல்ல ஆரோக்கியத்தின் அடையாளம் என்று அப்பாவுக்கு உடனே எழுதவும். தாங்கள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்தபடியால் நம்புவார். பொய் சொல்லக்கூடாது என்று எங்கள் வகுப்பில் படிப்பித்திருப்பதால் நான் சொல்ல முடியாது.

மாமிக்கு என் வணக்கமும் மச்சான்மாருக்கு என் அன்பும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் தங்கள் பதில் வந்துசேர இரு வேளையும் கும்பிடும்,

கீழ்ப்படிவுள்ள மருமகள்
வி. பத்மாதேவி

பி.கு. (புதன்கிழமை மாலை): தாங்கள் ஒன்றும் எழுதவேண்டாம். பெரியவர்களுக்கு நான் எழுதும் கடிதங்களை அப்பா பிழை பார்த்துத்தான் அனுப்புவார் என்பதை மறந்துபோனேன். முழுவதையும் நின்றபடியே வாசித்துவிட்டு, ஈரத்துணி எடுத்து இலைகளைத் துடைத்தார். மூன்று புள்ளி போயிற்று. பத்தொன்பது போகவில்லை. அவற்றை மழையில் தெறித்த சேறு என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாராம். "பார்த்தியளே, நான் பொட்டு வைக்க முந்தியே கண் பட்டிட்டுது" என்றார் அம்மா. சத்தம் கேட்டு ஹபீல் நானா தம்முடைய செடிகளைப் போய்ப் பார்த்தார். அவற்றிலும் அதே புள்ளி. அவற்றையும் பிடுங்கிக்கொண்டு மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்தார். எங்களுடையதும் சேர்ந்து எல்லாம் இன்றே ஒரே குவியலாக எரிந்தது. அம்மா நாவூறு கழிக்கச் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அந்த நெருப்பில் போட்டார். நாவூறு இருந்தால் மிளகாய் நெடி ஏறாதாம். ஒருவருக்கும் தும்மல் வரவில்லை. அம்மாவுக்கு இப்போது மனம் ஆறிவிட்டது, அடுப்படியில் அழுவதில்லை. இந்தப் பின்குறிப்பை அப்பாவுக்குக் காட்டாமல் ஒட்டுகிறேன். எனக்குத் தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டேன்.