இருபத்தேழாம் கேள்வியும் ஒரு கடைவாய்ப் பல்லும்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதுவது. நாங்கள் மூவரும் பரம சௌக்கியம். இது படிவத்தில் எழுதிக் கொடுத்த பதில். வீட்டு விவரம் இனிமேல்தான் வருகிறது.

"உங்களுக்கென்ன, ராஜ வாழ்க்கை" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். வாஸ்தவம். ஹோட்டல் சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போடும் ராஜா நான். வருஷா வருஷம் இந்த நாட்டில் தங்கும் அனுமதியைப் புதுப்பித்தால்தான் ராஜ்ஜியம் நிலைக்கும். போனில் சொல்லலாமென்றால், உங்கள் எட்டு வயது மருமகள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். அதனால்தான் கடிதம்.

புதுப்பிக்கும் படிவத்தில் இருபத்தேழாம் கேள்வி, 'குடும்பத்தில் எவரேனும் அரசின் இலவச உதவி பெற்றதுண்டா?' என்பது. ஆமென்றால் என்ன ஆகும் என்று மட்டும் போடவில்லை. போட்டுவிட்டால் நாம் நிம்மதியாகத் தூங்கிவிடுவோமே! நான் படிவத்தின் நகலில் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். தினமும் சாப்பிட்டதும் நேர்காணல் ஒத்திகை வேறு. இஸ்திரி மேசைக்குப் பின்னால் நான்தான் அதிகாரி. "யார் என்ன கேட்டாலும் 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னு சொல்லணும். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரக்கூடாது" என்று பாடம். என் மனைவி இரண்டு தடவை உளறினாள். மகள் ஒரு தடவைகூட உளறவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

திடீரென்று பிள்ளைக்குக் கன்னத்தில் சதை போட்டது. "இப்பதான் உடம்பு தேறுது" என்று மனைவி பூரித்தாள். வலது கன்னம் மட்டும் ஏன் தேறுகிறது என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை, அவ்வளவு மூளை. அந்தப் பூரிப்போடு ஸ்டூடியோவுக்குப் போனோம், போட்டோக்காரரும் "பாப்பா கொழுகொழுன்னு இருக்கு" என்றார், அந்தப் படத்தையே படிவத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம், மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் கூப்பிட்டார்.

"கணக்குப் பாடத்துல கண்ணுல தண்ணி கொட்டுது. என்னம்மான்னு கேட்டா 'எல்லாம் நல்லா இருக்கு மேடம்'ங்கிறா. பல் டாக்டர் வந்த அன்னிக்கு பாத்ரூம்ல போய் ஒளிஞ்சுக்கிட்டா."

மூன்று வாரமாகப் பல்வலி, அத்தான். பள்ளிக்கூடத்துப் பல் டாக்டர் இலவசமாம். இலவசம் என்றால் இருபத்தேழாம் கேள்வி. இருபத்தேழு என்றால் அப்பாவையும் அம்மாவையும் பெட்டியோடு அனுப்பிவிடுவார்கள். குழந்தை தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டு இடது பக்கமாகவே மென்று தின்றிருக்கிறாள்.

கிளினிக்கில் டாக்டரம்மா "வலிக்குதா?" என்றார். "எல்லாம் நல்லா இருக்கு." தொட்டார். அலறிய அலறலில் வெளியே காத்திருந்த இருவர் எழுந்தே போய்விட்டார்கள். பல்லைப் பிடுங்கியதும், வாயில் பஞ்சோடு கையை நீட்டினாள்.

"பல்லைக் குடுத்துருங்க டாக்டர். இங்க இருந்தா ஃபைல்ல வெச்சுருவாங்க."

கிளினிக் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் படிவம் கொடுத்த அலுவலகத்துக்குப் போய், பல் வைத்தியமும் இலவச உதவியில் சேருமா என்று கேட்டேன். முதல் ஜன்னல் நான்காம் ஜன்னலுக்கு அனுப்பியது, நான்காவது சாப்பிடப் போயிருந்தது. திரும்பி வந்த அதிகாரி சிரித்துக்கொண்டே, "சின்னப் பிள்ளைங்க வைத்தியமெல்லாம் அதுல சேராதே, சார்" என்றார்.

"அதைப் படிவத்துல போட்டிருக்கலாமே?"

"இதுவரைக்கும் யாரும் கேக்கலையே!"

எவ்வளவு கருணை! வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் கதவிலிருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். மகளை மடியில் உட்காரவைத்து, "இனிமே எங்க வலிச்சாலும் வாய்விட்டுச் சொல்லணும்டா. இந்த வீட்டுல ஒளிவு மறைவே கிடையாது" என்று சத்தியம் செய்து கொடுத்தேன். அவளும் தலையாட்டினாள்.

அக்காவுக்கும் தங்களுக்கும் எங்கள் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்களுக்குப் பல்லும் வாயும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அலுவலகக் கடிதம் வந்தது. நாளைக் காலை மகளோடு நேரில் வர வேண்டுமாம். படிவத்திலுள்ள படமும் முகமும் ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் செல்லாதாம். வீக்கம்தான் வற்றிவிட்டதே! வலது கன்னத்துக்கு அளவாகப் பஞ்சு உருட்டி வைத்திருக்கிறேன். புண் இன்னும் ஆறவில்லை. வைத்துப் பார்த்து, "வலிக்குதாடா?" என்று கேட்டேன். "எல்லாம் நல்லா இருக்குப்பா" என்றாள்.