வேனில் பால் காய்ச்சிய விவரம்

ரெட்டிபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, திருமானூர் திரு. செல்லப்பன் அவர்களுக்கும் சம்பந்தியம்மா அவர்களுக்கும், ரெட்டிபாளையம் சின்னதுரை கைகூப்பி எழுதிக்கொள்வது. நானும் என் வீட்டுக்காரி ஜெயசுதாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்கள், சம்பந்தியம்மா, கறவை மாடு, கொல்லைக் கரும்பு வரைக்கும் எல்லாம் நல்லபடி இருக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்கிறேன். கையில் போன் இருக்க இந்த மனுஷன் ஏன் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத் திண்டில் வைத்துவிட்டுப் பேசுகிற வழக்கம் உள்ளவர். நான் சொல்லப்போவது தங்கள் பிள்ளையைப் பற்றி. திருமானூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அது கேட்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன், குறையாகச் சொல்லவில்லை.

விஷயம் தங்களுக்குத் தெரிந்ததுதான். என் மகள் தமிழ்மொழியும் எங்கள் மாப்பிள்ளை ராஜேஷும் பெங்களூரு வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு பழைய வேனை வாங்கி, அதற்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கூரைமேல் சோலார் என்று சகலமும் வைத்து, கம்ப்யூட்டர் வேலையை அதிலேயே பார்த்துக்கொண்டு வடக்கே ஊர் ஊராகப் போய் ஒரு வருஷம் வாழப்போகிறார்களாம். வருகிற புதன்கிழமை பயணம். தாங்கள் "சின்னஞ்சிறுசுங்க, போயிட்டு வரட்டும்" என்று வெற்றிலை போடுகிற நேரத்தில் சம்மதம் கொடுத்துவிட்டீர்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. சிமெண்ட் ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் தலைமுடி கொட்டுகிற வரை இருந்தவன். ஏணியைப் பார்த்தால் மற்றவர்களுக்கு ஏறத் தோன்றும், எனக்கு விழுகிறவன்தான் தெரிவான். பெற்ற மகளைக் கதவு எண் இல்லாத இடத்தில் குடிவைக்க எனக்கு மனசு வரவில்லை, அதை வெளிப்படையாகவே சொன்னேன். தமிழ்மொழி அழவும் இல்லை, சண்டையும் போடவில்லை.

"ரெண்டு நாளு எங்ககூட வந்து வண்டியில தங்கிப் பாருங்கப்பா. ஒரு குறை இருந்தாலும் சொல்லுங்க, நாங்க போகல. நீங்க சரின்னு சொன்னாத்தான் வண்டி கெளம்பும்" என்றாள்.

ஒரு குறைதானே, ஒன்பதாகக் கண்டுபிடிக்கிறேன் என்று பெட்டியைக் கட்டினேன், ஜெயசுதாவும் கூடவே கிளம்பினாள். வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பும் முன், ஆலையில் ஷிப்ட் தொடங்கும்போது செய்வது போல எல்லோரையும் வாசலில் வரிசையாக நிற்க வைத்து, பாதுகாப்புப் பற்றி நாலு வார்த்தை பேசினேன். ஜெயசுதா அந்த நாலு வார்த்தையில் இட்லி ஆறிப்போச்சு என்கிறாள், அவள் பேச்சை விடுங்கள். ஆளுக்கு ஒரு ஆரஞ்சுக் கலர் மினுமினுப்புச் சட்டை கொடுத்தேன். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, வாங்கி மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். நான் மட்டும்தான் போட்டுக்கொண்டேன். அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிரே வருகிற வரத்தைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளை நிதானமாகத்தான் ஓட்டினார், ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து என் வலது கால் வீங்கிவிட்டது. "மாமா, நீங்க மிதிக்கிற மிதியில எனக்கே வண்டி நின்னுடும் போலிருக்கு" என்று சிரிக்கிறார். இப்படி ஒரு விளையாட்டுப் புத்தி.

குன்னம் தாண்டி ஒரு மக்காச்சோளக் காட்டு ஓரமாகத் தங்குவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை சும்மா போய் நிறுத்தவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். காட்டுக்காரர் திருப்பூரில் இருக்கிறாராம், அவரிடம் போனில் முன்கூட்டியே கேட்டிருக்கிறார். ஆனால் தங்குகிற இடம் என்றால் முதலில் பால் காய்ச்ச வேண்டாமா? வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தது சரி, வீட்டுக்கு? இந்தச் சந்தேகத்தைக் கிளப்பியது, தப்பாக நினைக்கக் கூடாது, சம்பந்தியம்மாதான். "பால் காய்ச்சாம ஒரு பொழுதுகூடத் தங்கப்படாது, அடுப்பு கெழக்க பாத்து இருக்கணும்" என்று ஜெயசுதாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். கட்டின வீட்டில் அடுப்பு அசையாது. இது சக்கரம் வைத்த வீடு. மாப்பிள்ளை வண்டியை முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பி, போனில் திசை பார்த்து, அடுப்பைக் கிழக்கே கொண்டுவருவதற்குள் பின்சக்கரம் ஈரக் கரிசலில் கொஞ்சம் புதைந்தே போனது. கிழக்கு கிடைத்துவிட்டது, வண்டி நகராது.

வண்டி நகராமல் நிற்கிறது என்றால் சுற்றிலும் எச்சரிக்கை வைப்பதுதான் முறை. நான் கொண்டுபோயிருந்த ரப்பர்க் கூம்புகளை நாலு மூலையிலும் நட்டு, சிவப்பு வெள்ளை நாடாவைச் சுற்றிக் கட்டினேன். நாடா மிச்சம் இருந்தது. சிக்கனம் பார்க்காமல் வரப்பு மேலேயும் நீளமாக இழுத்துக் கட்டிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நடை நடந்து பார்த்தேன். அங்கேதான், சம்பந்தி, வினை வந்தது. நம் பக்கத்தில் ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஒருத்தன் வெள்ளை வேனில் வந்து காட்டுக்குள் நாடா கட்டினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? சுரங்கத்துக்கோ ரோட்டுக்கோ நிலம் எடுக்க அளக்க வந்துட்டாங்க என்றுதான் நினைப்பார்கள். கால்நாழிகைக்குள் ஊரே வரப்பில் நிற்கிறது. முன்னால் இருசம்மாள் என்று ஒரு அம்மாள், பக்கத்துக் காடு அவர்களுடையது, கையில் களைக்கொட்டு.

"எங்க காட்டுல எத்தன அடி எடுக்கப்போறீங்க? அதச் சொல்லிட்டு மறுகாரியம் பாருங்க" என்றது அந்த அம்மாள்.

நான் பதறாமல், நிலம் எடுக்க வரவில்லை, இது வீடு, நாங்கள் குடியிருக்கிறோம் என்று விளக்கினேன். அதைக் கேட்டதும் கூட்டம் இன்னும் கிட்டே வந்தது. வேனில் யாராவது குடியிருப்பானா, ஆபீஸ்காரனுங்க இப்படித்தான் பேசுவானுங்க என்று பின்னாலிருந்து ஒரு குரல். தமிழ்மொழிதான் இறங்கிப் போய், இருசம்மாள் கையைப் பிடித்து, "அத்தை, உள்ள வந்து பாருங்க. புது வூடு, இன்னும் பாலுகூடக் காய்ச்சல. நீங்களே வந்து காய்ச்சிக் குடுங்க" என்றாள். களைக்கொட்டை வெளியே வைத்துவிட்டு அந்த அம்மாள் ஏறியது. கட்டிலைத் தட்டிப் பார்த்தது, குழாயைத் திருகிப் பார்த்தது, முகம் கொஞ்சம் தெளிந்தது. மற்றவர்கள் கதவிலும் ஜன்னலிலும் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

இனி நடந்ததை நிதானமாகப் படியுங்கள். அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றியாயிற்று. காற்றில் தீ அணைந்தால் சகுனத்துக்கு ஆகாது, பாதுகாப்புக்கும் ஆகாது என்று, தமிழ்மொழி திறந்து வைத்திருந்த கண்ணாடி ஜன்னல்களை எல்லாம், நீட்டிய தலைகளைப் பின்வாங்கச் சொல்லி, நான்தான் சாத்தினேன். அவள் வேண்டாம்ப்பா என்று சொன்னாள், அனுபவம் இல்லாத பிள்ளை என்று விட்டுவிட்டேன். பால் பொங்கியது. வீட்டில் பொங்கினால் அடுப்பு மேடையில் வழியும். இது குட்டி அடுப்பு, வழிந்த பால் நேராக பர்னரில் இறங்கித் தீயை அணைத்துவிட்டது, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. நாங்கள் எல்லாரும் நல்ல சகுனம் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கையில், கேஸ் கசிந்தால் கத்துவதற்கென்று மாப்பிள்ளை கீழே பொருத்தியிருந்த கருவி கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தம் ஆலைச் சங்கு மாதிரி. எனக்குப் பழக்கதோஷம். சங்கு ஊதினால் ஆலையில் எல்லோரும் வெளியே போய் ஒரு இடத்தில் கூட வேண்டும்; அதுபோல உடனே சோளக்காட்டைக் கூடுமிடமாக வைத்து அங்கே போய், ஆட்களை எண்ணுவதற்குத் தயாராக நின்றேன்.

இதை ஜெயசுதா, "இவரு ஓடுன ஓட்டத்துல காலுல செருப்பு இல்ல, கையில டம்ளர் இருந்துச்சு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தாங்கள் நம்ப வேண்டாம். ஆரஞ்சுச் சட்டை போட்டவரே ஓடுகிறார் என்றால் ஏதோ வெடிக்கப்போகிறது என்று வெளியே நின்ற ஜனம் மொத்தமும் எனக்குப் பின்னால் ஓடிவந்தது. ஆளுயரச் சோளத்துக்குள் யாரை என்று எண்ணுவது? சோளத்தோகை கிழித்துக் கையெல்லாம் கோடு. யாரும் சுவிட்சைத் தொடாதீங்க என்று அங்கிருந்தே கடமை தவறாமல் குரல் கொடுத்தேன். ஒருவழியாக வெளியே வந்து பார்த்தால், கூம்பு சாய்ந்து நாடா அறுந்து கிடக்கிறது. இருசம்மாள் வேன் நிழலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தது.

"நெலத்த எடுக்க வர்றவன் இப்புடி ஓட மாட்டான்டி. இவரு ஆபீஸரு இல்ல. தங்கிட்டுப் போகட்டும்" என்று ஊருக்குத் தீர்ப்பும் சொல்லிவிட்டது.

அப்புறம் அதே ஜனம்தான் தோள் கொடுத்துச் சக்கரத்தைக் கரிசலிலிருந்து தூக்கிவிட்டார்கள். இருசம்மாள் ஒரு பை நிறையச் சின்ன வெங்காயம் கொடுத்தது. அதெல்லாம் அவர்கள் பெருந்தன்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள், நம்ம குன்னத்திலேயே, நம்ம ஜனத்துக்கு நடுவிலேயே இந்தப் பாடு என்றால், பேச்சுத் தெரியாத ஊரில் என் பிள்ளை என்ன செய்யும்? புதைந்தால் யார் தூக்குவார்கள்? கேஸ் கசிந்தால் யார் பார்ப்பார்கள்? ஆகவே தாங்கள் சம்பந்தி என்ற முறையில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, இந்தப் பயணம் வேண்டாம்ப்பா, வண்டியை வித்துட்டு நல்ல வீடாப் பாருங்க என்று ஒரு வார்த்தை கண்டித்துச் சொல்ல வேண்டும். இங்கே நான் முடியாது என்று சொல்கிறேன், அங்கே தாங்களும் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கட்டினால்தான் மாடு நிற்கும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். கன்று போட்ட பசுவை விசாரித்ததாகச் சொல்லவும். எல்லா நலமும் தங்கள் வாசல் தேடி வர வேண்டும்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
சின்னதுரை

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்டாமலே வச்சிருந்தேன். திங்களும் செவ்வாயும் வேன் நம்ம வாசல்லதான் நின்னுச்சு, அக்குவேறு ஆணிவேறா குறை தேடுனேன். டயர் புதுசு, தீயணைப்பான் தேதி சரி, கேஸ் ஓஸ் சரி, பூட்டு சரி. குன்னத்துல நடந்ததையும் யோசிச்சுப் பாத்தேன். நாடா கட்டுனது நான், ஜன்னலச் சாத்துனது நான், தலைதெறிக்க ஓடுனதும் நான்தான், ஜெயசுதா சொன்னது நிசம். எம் பொண்டாட்டி உள்ள இருக்கான்னுகூடத் தோணல. தமிழ்மொழி கேஸை மூடி, ஜன்னலத் திறந்து, இருசம்மாளையும் ஜெயசுதாவையும் கையப் புடிச்சு இறக்கிவிட்டுட்டு, கடைசியாத்தான் இறங்கியிருக்கா. மாப்பிள்ளை கதவுகிட்ட நின்னு ஒவ்வொருத்தரா வாங்கி இறக்கியிருக்காரு. அந்த வேன்ல ஒரே ஒரு ஆபத்து இருந்துச்சு சம்பந்தி, அதையும் ரெட்டிபாளையத்துல எறக்கிவிட்டுட்டாங்க.

இன்னிக்கு, புதன்கிழமை காலையில ரெண்டு பேரும் எதுக்கால வந்து நின்னாங்க. சரின்னு சொல்லிட்டேன். அதனால மேலே எழுதுன எதையும் மாப்பிள்ளைகிட்டச் சொல்ல வேண்டாம், கண்டிக்கவும் வேண்டாம். வண்டி நகரும்போது, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணும்மான்னு சொல்ல வாயெடுத்தேன். எங்க போய்ச் சேர? வூடுதான் கூடவே போவுதே. கையை மட்டும் ஆட்டிட்டு உள்ள வந்துட்டேன். வூடு ரொம்பப் பெருசா இருக்கு சம்பந்தி.