நாய்க்கு வாங்கிய கறி

தூத்துக்குடி,
21-6-1978.

மதுரையில் தாயாரோடும் மனைவியோடும் சீராக இருந்துவரும் மாப்பிள்ளை அவர்கள் சமுகத்துக்கு, மாமனார் சங்கரலிங்கம் பிள்ளை கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும், உங்கள் அத்தை ஆறுமுகத்தாயும், நீங்கள் தந்த நாயும் உயிரோடு இருக்கிறோம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் வயிற்றுப்பிள்ளையோடு இருக்கும் எங்கள் வடிவும் நலம் என்றே நினைத்துக்கொள்கிறோம். வடிவை அனுப்பச் சொல்லி முன்னால் போட்ட மூன்று கடிதங்களுக்கும் பதில் வராததால், நினைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

வடிவுக்கு ஒன்பதாம் மாதம் பிறக்கப் போகிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதைப் பாங்கு உத்தியோகத்தில் இருக்கும் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வளைகாப்பு அன்றே கையோடு அழைத்து வருவதற்காகக் கார் பேசிக்கொண்டுதான் நாங்கள் வந்தோம். உங்கள் அத்தை, பிள்ளை உண்டாகியிருப்பவள் சாய்ந்துகொள்ள என்று இரண்டு தலையணைக்கு உறை தைத்துக்கூட எடுத்து வந்திருந்தாள். பந்தி நடக்கும்போது, நாலு பேர் காதில் விழ, கறி தின்கிற வீட்டுக்கு என் பேரனை அனுப்ப மாட்டேன் என்று சம்பந்தியம்மாள் சொன்னார்கள். நான் இலையை விட்டு எழுந்துவிட்டேன். தாங்கள் பக்கத்திலேயே நின்று கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். காலிக் காரில் இரண்டு தலையணையோடு திரும்பி வந்தோம். ஆகவே அந்தக் கறி எங்கள் வீட்டுக்குள் வந்த கதையை முதலிலிருந்து எழுதுகிறேன். கதை தங்களுக்குத் தெரியும், தங்களிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

போன வருஷம் நான் ஹார்பர் கிளியரிங் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர்டு ஆன வாரம், தாங்களும் வடிவும் ஒரு பழக்கூடையோடு வந்து இறங்கினீர்கள். கூடைக்குள் பழம் இல்லை, அது இருந்தது. சும்மா உட்கார்ந்தால் பிரஷர் வரும் மாமா, துணைக்கு ஒரு ஜீவன் இருக்கட்டும் என்றீர்கள். நான் ஆயுசில் நாய் என்பதைத் தெருவின் அந்தப் பக்கத்தில் வைத்தே பார்த்துப் பழகினவன். தாய் அசல் அல்சேஷன், ஒரு பெரிய ஆபீசர் வீட்டு நாய் என்று சொன்னீர்கள். தகப்பன் யார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கு ஒரு காது நிற்கிறது, ஒரு காது விழுந்து கிடக்கிறது. உடம்பு அல்சேஷன், வால் நம்ம ஊர் ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்து வால். கிராஸ் என்றால் புத்தி ஜாஸ்தி என்றீர்கள். சீசர் என்று பெயரும் வைத்தீர்கள். மாப்பிள்ளை கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும் மாமனார் இந்தத் திருநெல்வேலிச் சீமையில் இன்னும் பிறக்கவில்லை. வாங்கிக்கொண்டேன். புறப்படும்போது காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கிராஸ் ஜாதிக்கு வெறும் சோறு போட்டால் கால் வளைந்துவிடும், தினமும் கால் கிலோ கறி வேகவைத்துப் போட வேண்டும் என்றீர்கள். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லையே என்று இழுத்தேன். நாய்க்குத்தானே மாமா என்று சிரித்தீர்கள். அதற்கப்புறம் வந்த கடிதம் ஒவ்வொன்றிலும் வடிவைப் பற்றி ஒரு வரி, கறி போடுகிறீர்களா என்று நாலு வரி.

போட்டேன். பெண்ணைக் கொடுத்தவன், போடாமல் என்ன செய்வான். குடையைத் தணித்துப் பிடித்துக்கொண்டு, யாரும் வருவதற்கு முன்னால், மார்க்கெட்டில் கறிக்கடை வைத்திருக்கும் ஹாமிது பாயிடம் போனேன். அவர் காயல்பட்டினத்துக்காரர், என்னை ஹார்பர் நாளிலிருந்து தெரியும். நாய்க்கு, ஏதாவது கழிவு இருந்தால் போதும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் பூசின விபூதியைப் பார்த்தார். பார்த்துவிட்டு உங்களுக்கா கழிவு கொடுப்பேன் என்று நெஞ்செலும்பாக எடுத்து, ஒன்றுக்கு மூன்று காகிதம் சுற்றி, மேலே ஒரு வாழை இலையும் சுற்றிக் கொடுத்தார். என் மானத்தைக் காப்பாற்றுவதாக அந்த நல்ல மனுஷனுக்கு எண்ணம். ஒரு பிரதோஷத்தன்று சிவன் கோயில் வாசலில் நான் தேவாரக் குழுவோடு நின்றுகொண்டிருக்கிறேன். சைக்கிளில் வந்தவர் இறங்கி, கிட்ட வந்து, மரியாதையாகக் குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, நேத்துக் குடுத்த ஈரல் பதமா இருந்துச்சா?" என்று கேட்டார். தாழ்த்தின குரலே கோபுரம் வரைக்கும் கேட்கும். நான் நாய்க்கு, நாய்க்கு என்று பதறினேன். ஆமாமா, நாய்க்குத்தான் என்று எல்லோரையும் பார்த்துச் சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூடப் பிழைத்திருப்பேன், காப்பாற்றித் தொலைத்துவிட்டார்.

வாங்குவதோடு முடிந்ததா. உங்கள் அத்தை அடுப்பங்கரை வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள். அந்தப் பொட்டலம் படி தாண்டினால் நான் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். கொல்லையில் கிணற்றுக்கு அந்தாண்டை மூன்று கல்லை வைத்து, புதுச்சட்டி வாங்கி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நானே வேகவைத்தேன். வேகிறதா வேகவில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும். வெந்ததா என்று வாயில் போட்டுப் பார்க்கிற காரியமா அது. அரைவேக்காட்டைத் தின்று நாய் இரண்டு நாள் வாந்தி எடுத்தது. நாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் தங்களுக்கு என்ன பதில் சொல்வேன் என்கிற பயத்தில், எதிர்வீட்டு மெட்டில்டா டீச்சரிடம் போய்ப் பக்குவம் கேட்டேன். அந்த அம்மாள் நல்ல மனசு. முதலில், மெதுவாகச் சிரித்து, புதுசாகப் பழகுகிறவர்கள் மீனில் ஆரம்பிப்பதுதான் வயிற்றுக்கு நல்லது என்று எனக்கு அறிவுரை சொன்னாள். எனக்கில்லையம்மா என்று தலையில் அடித்துக்கொண்ட பிறகு, இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு எல்லாம் அரைத்துக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பினாள். நான் ஒரு மடையன், அவள் கொடுத்ததை அப்படியே போட்டேன். தெரு முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணத்தது. அன்றைக்குத்தான் சீசர் சட்டியைக் கழுவி வைத்ததுபோல நக்கியது.

அன்றைக்குத்தான் தங்கள் சித்தப்பா வெள்ளத்துரைப் பிள்ளை, வளைகாப்புக்கு நாள் பார்த்திருக்கிற சேதியைச் சொல்ல வந்தார். வீட்டில் யாரையும் காணவில்லையே என்று வாசனையைப் பிடித்துக்கொண்டு நேரே கொல்லைக்கு வந்துவிட்டார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தி உட்கார்ந்து, அகப்பையால் கிண்டிக்கொண்டிருந்தேன். நாய் அந்த நேரம் பார்த்து எங்கோ ஊர் சுற்றப் போயிருந்தது. அதுவாவது பக்கத்தில் நின்றிருந்தால் சாட்சிக்கு இருந்திருக்கும். அவர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சர்வீஸ் முடியட்டும்னு இருந்தியளாக்கும், சம்பந்தி" என்றார். காப்பி கொண்டுவந்த உங்கள் அத்தையிடம் பல் வலி என்று சொல்லிவிட்டு, மதுரை பஸ் ஏறிவிட்டார்.

மறு வாரம் தேவாரக் குழுவிலிருந்து ஆள் வந்து, எனக்கு இருமல் என்று கேள்விப்பட்டதாகவும், நான் கொஞ்ச நாள் வீட்டிலேயே ஓய்வாக இருக்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இருமலே இல்லை மாப்பிள்ளை. எத்தனை கப்பல் வந்து போயிருக்கிறது அந்தத் துறைமுகத்தில், ஒரு சரக்குக்காரனிடமும் ஒரு டீ வாங்கிக் குடித்தவனில்லை என்று பெயர் எடுத்தவன் நான். புது ஹார்பர் திறந்தபோதும் அந்தப் பெயர் என்னோடுதான் வந்தது. இப்போது நான் தெருவில் போனால், நாய்க்காரர் போகிறார் என்றுகூடச் சொல்வதில்லை, நாய்க்கு என்று சொல்லுகிறவர் போகிறார் என்கிறார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். அந்தக் கறியையும் இப்போது அது தின்பதில்லை. உங்கள் அத்தை கையால் ஒரு நாள் தயிர்ச்சோறு தின்று பார்த்தது. அதிலிருந்து கறியை மோந்துவிட்டுத் துளசிமாடத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைக்கிறது. அமாவாசைக்கு வந்த ஐயர் அங்கே ஒரு எலும்பை மிதித்துவிட்டுத் தட்சிணை வாங்காமலே போய்விட்டார். நாரத்தங்காய் ஊறுகாய் இல்லாவிட்டால் தட்டைக் காலால் தள்ளுகிறது. கால் ஒன்றும் வளையவில்லை, கன்றுக்குட்டி மாதிரி நிற்கிறது. ஆகவே நான் சத்தியமாக எழுதுகிறேன், எங்கள் வீட்டில் இன்றைய தேதிக்கு நாய் உள்பட எல்லோரும் சைவம். சம்பந்தியம்மாள் வேண்டுமானால் ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளட்டும். சட்டியை உடைத்துவிட்டேன், கொல்லைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன்.

உப்பளத்தில் காவல் இருக்கும் நயினார், நாய் என்றால் உயிரை விடுகிற பையன். கேட்டுக்கொண்டே இருக்கிறான். நான் கொடுத்துத் தலைமுழுகியிருப்பேன். ஆனால் மாப்பிள்ளை தந்தது, தங்களைக் கேட்காமல் கொடுப்பது மரியாதை இல்லையே என்று முன்னமே எழுதிக் கேட்டேன். ஆசையாகக் கொடுத்ததை எவனோ ஒருவனுக்குத் தூக்கிக் கொடுப்பீர்களா என்று அதற்கு மட்டும் மறு தபாலில் கோபித்து எழுதினீர்கள். அந்தக் கடிதத்தின் அடியிலேயே, நாய் இருக்கிற வீட்டுக்கு வடிவை அனுப்ப அம்மாவுக்குச் சம்மதமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கொடுத்தால் தங்களுக்குக் கோபம், வைத்துக்கொண்டால் தாயாருக்குக் கோபம். நான் நாயைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு தெப்பக்குளத்தில் இறங்கட்டுமா. உங்கள் அத்தை ராத்திரி சாப்பிடுவதில்லை. "உங்க மாப்பிள்ளை மனசு நோகும்னு பாக்கிய. அங்க எம்பிள்ள வயித்தத் தள்ளிக்கிட்டு யாருட்ட போயி நோவு சொல்லுவா?" என்று கேட்கிறாள்.

ஆகையால் தங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். நாயைக் கொடுக்க ஒரு வரி உத்தரவு எழுதுங்கள், வடிவை அனுப்ப ஒரு நாள் குறியுங்கள். நான் கறி தின்றவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன், அந்தப் பழியையும் ஏற்கிறேன். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். வடிவுக்கு எங்கள் ஆசி, ராத்திரி இடது பக்கமாகப் படுக்கச் சொல்லவும். தங்களுக்குச் சங்கரராமேஸ்வரர் சகல பாக்கியமும், எங்களுக்குத் தங்கள் தயவும் அருள வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்களுக்கு அடங்கிய மாமனார்,
சங்கரலிங்கம் பிள்ளை.

பின்குறிப்பு, 22-ஆம் தேதி காலை:

இதைத் தபாலில் போடுவதற்காக உறையில் வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. வடிவு இறங்கினாள். ஒற்றையில், ஒரு துணிப்பையோடு, அந்த வயிற்றோடு, மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். உங்கள் அத்தை அழுத அழுகைக்குத் தெருவே கூடிவிட்டது. நான் இந்தக் கடிதத்தை வடிவு கையில் கொடுத்து, சரியாக எழுதியிருக்கிறேனா பார் என்றேன். படித்துவிட்டு, "அப்பா, அவுக சனிக்கிழம சனிக்கிழம மிலிட்டரி ஓட்டல்ல கறி தின்னுட்டுத்தான் வாராக. சட்டையத் தொவைக்கிறவ நான், எனக்குத் தெரியாதா? அன்னைக்குப் பந்தியில அவுக அம்மா அப்படிச் சொல்லும்போது வாயத் தெறப்பாகன்னு பாத்தேன். தெறக்கல" என்றாள்.

மேலே கைகூப்பினது, காலில் விழாத குறையாகக் கேட்டது, அடங்கிய மாமனார் என்று எழுதினது எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் திரும்ப எழுதலாம் என்று நினைத்தேன். பேப்பருக்குக் கேடு, அப்படியே போகட்டும். நாயை நயினாருக்குக் கொடுப்பதாக இல்லை. தங்கள் உத்தரவும் தேவையில்லை.

வடிவை அனுப்புங்கள் என்று நான் இதோடு நாலு கடிதம் எழுதிவிட்டேன். இனிமேல் அப்படி எழுத வேண்டியது தங்கள் முறை. நிறைய எழுதுங்கள். ரிட்டயர்டு ஆள், படிக்க எனக்கு நேரம் இருக்கிறது. பதில் போடலாமா வேண்டாமா என்று வடிவைக் கேட்டுக்கொண்டு செய்கிறேன்.