வரதய்யபாளையத்தில் இறங்கிய ரைட்டக்கா

ஆந்திர எல்லையோரத்து ஊரான எங்கள் நகரியில் ரைட்டக்காவால் நிறுத்த முடியாதது என்று ஒன்று இருந்ததில்லை. ஓடும் பஸ், கல்யாண ஊர்வலம், தண்ணீர் லாரி, புருஷன் பெண்டாட்டி சண்டை, எதுவானாலும் சரி. வாயில் விரலை வைத்து ஒரு விசில் அடித்தால் நின்றுவிடும். அவளை நிறுத்தத்தான் ஆள் பிறக்கவில்லை.

அரசு பஸ்ஸில் இருபத்து மூன்று வருஷம் கண்டக்டராக இருந்தவள். புத்தூரில் கிளம்பி சத்தியவேடு வழியாக வரதய்யபாளையம் தாண்டிப் போகும் வண்டி. ரிடையரான பிறகும் 'ரைட்' அவள் வாயைவிட்டுப் போகவில்லை. காய்காரர் எடை போட்டு முடித்தால் 'ரைட்'. டாக்டர் ஊசியை உருவினால் 'ரைட்'. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

ஒருமுறை திருத்தணிக்குச் சாதாரணப் பயணியாகப் போனாள். சும்மா உட்கார முடியுமா? கூட்டத்தை உள்ளே தள்ளினாள், கைக்குழந்தைக்காரிகளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள், பழக்க தோஷத்தில் விசிலும் அடித்துவிட்டாள். டிரைவர் கிளம்பிவிட்டார். நிஜக் கண்டக்டர் டீக்கடையில் கையில் பன்னோடு நின்றார். அடுத்த ஸ்டாப்பில் அவர் ஆட்டோவில் துரத்தி வந்து ஏறியபோது, "டூட்டி நேரத்துல இன்னாய்யா டீ?" என்று இவள்தான் கோபித்துக்கொண்டாள்.

அப்போது நான் எங்கள் தெருவிலிருந்த ஒரு பவர்லூம் ஷெட்டில் எழுத்து வேலை பார்த்தேன். ஒரு மத்தியானம் கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்த நேரம், அக்கா போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். யாரோ மெட்ராஸ் பையன்கள் அருவிக்கரையில் கூடாரம் போட்டு, நூடுல்ஸ் கிண்டும் வீடியோ.

"இது எந்த எடம் தெரியுமா? வரதய்யபாளையத்துக்கு அந்தாண்ட கீற அருவி. இருவத்து மூணு வருசமா அந்த ஸ்டாப்புல ஜனத்த எறக்கி வுட்டுகினே இருந்தேன். நான் ஒரு நாளும் எறங்குனதில்ல. அந்தத் தண்ணி எந்தப் பக்கம் கொட்டுதுன்னுகூட எனக்குத் தெரியாது."

"அது வயசுப் பசங்க போற எடம்கா," என்றாள் அம்புஜம். பாலசமுத்திரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்து எங்கள் ஷெட்டில் தறி ஓட்டுபவள்.

"காடு யாருது?"

"கவர்மெண்டுது."

"கவர்மெண்டு யாருது?"

அம்புஜம் கொஞ்சம் யோசித்தாள். "ஓட்டு கேக்க வரும்போது நம்முதுன்னுதான் சொல்றாங்க."

"அப்ப நம்ம எடத்துல நாம ஒரு நாளு படுத்து எந்திரிச்சா இன்னா?"

வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும், அதற்குத் தெலுங்கில் தரகாஸ்து எழுத வேண்டும் என்றேன். சொன்னது என் தப்பு. "ரைட். நீ எழுது," என்று விண்ணப்பம் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டாள்.

ஷெட்டிலிருந்து மொத்தம் ஐந்து பெண்கள் சேர்ந்தோம். அக்காவோடு ஆறு. அம்புஜத்துக்கு மட்டும் ஒரு சிக்கல். "கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, கோயிலு. இந்த நாலு இல்லாம நான் வெளிய படுத்ததே இல்லக்கா. ஊட்ல இன்னான்னு சொல்றது?"

"காத்து வாங்கப் போறேன்னு சொல்லு. அஞ்சாவதா அது இருக்கட்டும்."

கூடாரம் கடையில் வாங்குவதா? அக்கா ஒப்பவில்லை. ஷெட்டில் நூல் பேல் கட்டுகளை மூடுகிற நீலத் தார்ப்பாயை எடுத்து, மூங்கில் வெட்டி, கயிறு கோத்து அவளே ஒன்று செய்தாள். ஒத்திகைக்காக அதைத் தெருவில், அவள் வீட்டு வாசலிலேயே கட்டினோம். கட்டி முடித்து அரைமணி நேரம் ஆகவில்லை, கங்காதர நெல்லூரிலிருந்து வந்த ஒரு தூரத்து உறவுக்காரர் தெருமுனையில் நீலப் பந்தலைப் பார்த்திருக்கிறார். நேராகப் போய் மாலை வாங்கி வந்துவிட்டார். அவர் அழுத அழுகையைக் கேட்டு இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ரைட்டக்கா கூடாரத்துக்குள்ளிருந்து தலையை நீட்டி, "யாருக்குய்யா இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். மனிதர் மாலையைப் போட்டுவிட்டு ஓடியே போனார். அந்த மாலையை அக்கா வீணாக்கவில்லை. கூடாரத்து வாசலில் கட்டி, "தெறப்பு விழா முடிஞ்சிது," என்றாள்.

சாமான் விஷயத்தில் கண்டிப்பு. ஒரு ஆளுக்கு ஒரு மூட்டை. அம்புஜம் இட்லி குண்டானோடு வந்து நின்றபோது, "லக்கேஜ் ஏத்த மாட்டேன், எறக்கு," என்றாள். அம்புஜம் விடவில்லை. "நீ வேணா நூடுல்ஸ் துன்னு. நான் இட்லி இல்லாம காட்டுக்கு வரமாட்டேன்." எனக்குத் தெரிந்து ரைட்டக்கா தோற்ற ஒரே வழக்கு அதுதான்.

இப்படி எல்லாம் தயாரான பிறகுதான் அனுமதிக்குப் போனோம். வனத்துறை ஆபீஸில் இருந்த அதிகாரி தரகாஸ்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி எங்களைப் பார்த்தார்.

"மகவாள்ளு எவரம்மா?" ஆம்பளைகள் யார் வருகிறார்கள் என்று கேட்டார்.

"எவரூ லேரு சார்," என்றாள் அக்கா. யாரும் இல்லை.

ஆம்பளைத் துணை இல்லாமல் அனுப்ப முடியாது, எல்லாம் உங்கள் நல்லதுக்குத்தான் என்றார்.

"நல்லது வேற, ரூலு வேற சார். ரூலு இருந்தா காட்டுங்க, படிச்சிட்டு ஊட்டுக்குப் போறேன்."

ரூல் இல்லை. ஆனால் கையெழுத்தும் இல்லை. அக்கா அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். மறுநாளும் டிபன் பாக்ஸோடு போய் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் நான் போய்ப் பார்த்தால், வருகிற ஜனத்தை வரிசையில் நிறுத்தி, கிழவர்களை முன்னால் அனுப்பி, "தரகாஸ்து ஈ பக்கம், ஜெராக்ஸ் ஆ பக்கம்" என்று இரண்டு பாஷையிலும் ஆபீஸையே நடத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்த அதிகாரி எழுந்தே வந்துவிட்டார். "அம்மா, பொழுது போன பிறகு காட்டில் ஆறு பெண்கள் தனியாக. பயம் இல்லையா உங்களுக்கு?"

அக்கா அவரை உட்காரச் சொன்னாள். அவர் ஆபீஸில், அவர் நாற்காலியில். குரலை உயர்த்தவில்லை.

"சார், இருவத்து மூணு வருசம் கடைசி டிரிப்பு நான்தான் போனேன். அறுவது ஆம்பளைங்க, அதுல பாதிப் பேரு குடிச்சிட்டு. நடுவுல நான் ஒருத்தி. அன்னிக்கு எனக்கு ஆம்பளைத் தொணை யாருன்னு எந்த ஆபீஸ்லயும் கேக்கல. டூட்டின்னா தனியா போலாம். சந்தோசத்துக்குன்னா மட்டும் தொணை வேணுமா?"

அவர் தரகாஸ்தின் மேலிருந்த பேப்பர்வெயிட்டை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு பேனாவை எடுத்தார். காவல் குடிசைக்குப் பக்கத்தில்தான் தங்க வேண்டும், நெருப்பு மூட்டக் கூடாது, குப்பையைத் திருப்பி எடுத்து வர வேண்டும் என்று மூன்று நிபந்தனை. மூன்றும் ரூல் புத்தகத்திலேயே இருந்தன. அக்கா படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள்.

இவ்வளவும் நடந்தபின் பின்வாங்கியவள் நான்.

வீட்டில் என் கணவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "போறதுன்னா போ. நைனா ஊருக்கு வந்தா உன்னப் பத்தி நான் இன்னா சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு டீவி பக்கம் திரும்பிக்கொண்டார். என் மாமனார் வருவதாகக்கூட இல்லை. ஆனாலும் எனக்குக் காய்ச்சல் என்று அக்காவுக்குச் சொல்லியனுப்பினேன்.

அவளே வந்தாள். நடு ஹாலில் நின்றாள். என் கணவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒன்னு கேக்கறேன், அத்த மட்டும் சொல்லு. உனக்கு வரணுமா, வேணாமா? அவருக்கு இன்னா, ஜனத்துக்கு இன்னா, அதெல்லாம் நான் கேக்கல."

டீவியில் யாரோ எதையோ விற்றுக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அந்தக் கேள்வியை அப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"வரணும்கா," என்றேன். குரல் எனக்கே கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது. மறுநாள் காலையில் என் மூட்டையின் மேல் ஒரு டார்ச் லைட் இருந்தது, புது பேட்டரியோடு.

வரதய்யபாளையம் ஸ்டாப் வந்தது. ரைட்டக்கா படியில் நின்று மூட்டைகளை இறக்கினாள், எங்களை ஒவ்வொருவராக இறக்கினாள், "பாத்து, பாத்து" என்றாள். எல்லாரும் இறங்கியாயிற்று. அவள் மட்டும் கம்பியைப் பிடித்தபடி படியிலேயே நின்றாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் அவள் கதவைச் சாத்துவாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"எறங்குக்கா!" என்று கத்தினாள் அம்புஜம்.

முதலில் ஒரு கால். பிறகு இன்னொரு கால். பஸ் அவளை விட்டுவிட்டுப் போயிற்று. புழுதி அடங்கும்வரை அது போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காடு அவளுக்கு உடனே அடங்கவில்லை. கூடாரம் இரண்டு தடவை எங்கள் தலைமேல் விழுந்தது. வீட்டிலிருந்தே அவித்துக் குண்டானோடு தூக்கி வந்த இட்லியைக் குரங்குகள் பங்கு போட வந்தன. அக்கா விசில் அடித்தாள். குரங்குகள் நின்றன, உண்மையாகவே நின்றன. அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குண்டானையே தூக்கிக்கொண்டு மரமேறின. "என் இட்லி!" என்று அம்புஜம் அழ, மற்றவர்கள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

விடிந்ததும் அருவிக்குப் போனோம். அக்கா புடவையைச் செருகிக்கொண்டு, பாறையில் உட்கார்ந்து, கால் இரண்டையும் தண்ணீரில் விட்டாள். தண்ணீர் கிழக்குப் பக்கமாகக் கொட்டியது. அதைப் பார்த்தபடி பேசாமல் இருந்தாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரைமணி. அவள் பேசாமலிருந்து நாங்கள் பார்த்ததே இல்லை.

"இன்னாக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள் அம்புஜம்.

"ஒன்னுமில்லடி. இன்னிக்கு யாரும் என்னை எங்கயும் போவச் சொல்லல, அதான்."

இப்போது அக்கா திருப்பதியில் மகள் வீட்டில் இருக்கிறாள். மூன்றாவது மாடி. அங்கேயும் லிஃப்டுக்கு ஜனத்தை வரிசையில் நிறுத்துவதாகக் கேள்வி. போன வாரம் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து, பஸ் ஏறிப் போனேன். "லேசா காச்சலு, இதுக்கு இன்னாத்துக்குடி இவ்ளோ தூரம் வந்த, வேல வெட்டி இல்லியா?" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே தூங்கிப்போனாள். நான் அவள் கால்மாட்டில், சாயங்காலம்வரை, சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.