மூணு மணிக்கு எங்க இருந்தீங்க?

"அப்போ மூணு மணிக்கு நீங்க எங்க சார் இருந்தீங்க?"

எரிந்துபோன சமையலறையின் நடுவில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்த விசாரணைக்காரர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். காப்பீட்டு நிறுவனம் அனுப்பியவர். கையிலிருந்த சின்னத் தூரிகையால், குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல, அடுப்பின் மேலிருந்த சாம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்ல," என்றார் அரைக்கண்ணர்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் காது மடல் சூடானது. எந்நேரமும் பாதி மூடிய கண்களோடு திரிவதால் ஆபீசில் அவருக்கு அரைக்கண்ணர் என்று பெயர். இப்போது இரண்டு கண்களும் முழுசாகத் திறந்திருந்தன.

"பாருங்க, இந்த அடுப்புக் குமிழ் உருகிடுச்சு. அடுப்பு எரிஞ்சுதா இல்லையான்னு இதை வெச்சுச் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் வயரும் கருகிக் கிடக்கு. வீட்ல யாரும் இல்லேன்னா, வயர்தான் காரணம்னு எழுதிட்டுப் போயிடுவேன். யாராவது இருந்து, அதை மறைச்சிருந்தா, ஒண்ணும் கிடைக்காது. வீட்டை நீங்களேதான் கட்டிக்கணும்."

வாசற்படியில் நின்றிருந்த மனைவி மெல்லிய குரலில் சொன்னாள். "காலைல எட்டு மணிக்கு நான்தான் கடைசியா பூட்டிட்டுப் போனேன். அடுப்பை அணைச்சேன்னுதான் நினைக்கிறேன்."

"எட்டு மணிக்கு விட்ட அடுப்பு மூணு மணி வரைக்கும் பொறுமையா இருக்காதும்மா."

"அணைச்சேன்னுதான் நினைக்கிறேன்," என்றாள் மறுபடியும். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எந்த விடையையும் மூன்று முறை சரிபார்க்கிறவள். சரிபார்க்க முடியாத ஒன்று இப்போது அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அரைக்கண்ணர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பைப் பற்ற வைத்தது யாரென்று அவருக்குத் தெரியும்.

அவருடைய வேலை பழைய கோப்புகளைக் காப்பது. நிலவறையில் தனி அறை. ஜன்னல் கிடையாது. தலைக்கு மேலே ஒரு குழல் விளக்கு முனகிக்கொண்டே இருக்கும். இரண்டு மணிக்குமேல் யாரும் கோப்பு கேட்டு வரமாட்டார்கள். அந்த நேரத்தில் அவர் எழுந்து, பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விடுவார். மூன்று வருடமாக இந்தத் திருட்டுத்தனம் நடக்கிறது.

வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். மேற்கு ஜன்னலோரக் கட்டிலில் வெயில் ஒரு போர்வையைப்போல விரிந்து கிடக்கும். அவர் படுத்துக்கொண்டு தூசி மிதப்பதைப் பார்ப்பார். ஒவ்வொரு துகளும் தனக்கென்று ஒரு ஊர் இருப்பதுபோல நிதானமாகப் போகும். பிறகு சமையலறைக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார். நீலச் சுடர் பூப்போல விரியும். வேறெந்த நேரமும் யாருக்காவது சொந்தமாக இருந்தது. இந்த இரண்டு மணி நேரம்தான் அவருடையது.

அன்றைக்கும் அப்படித்தான். சுடர் விரிந்தது வரை நினைவிருக்கிறது. அணைத்தது நினைவில் இல்லை. அடுத்து நினைவிலிருப்பது, காதில் எதிர்வீட்டுத் தையல்காரரின் குரல். "சார், உங்க வீடு எரியுது!"

"ஆபீஸ்லதான் இருந்தீங்கன்னு ஒரு கடிதம் வேணும்," என்றார் விசாரணைக்காரர், முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தபடி. "உங்களைப் பாத்தவங்க யாராவது ஒருத்தர் எழுதிக் கொடுத்தாப் போதும். எதிர்வீட்டுத் தையல்காரரும் பகல்ல உங்களை இந்தத் தெருவுலயே பாத்ததில்லேன்னுதான் சொல்றார்."

மூன்று வருடமாக வந்துபோகிற மனிதனை, நாள் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்து தைக்கிறவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லையாம். அரைக்கண்ணருக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

மறுநாள் காலை டைப்பிஸ்ட் அம்மாவின் மேசைக்கு முன் போய் நின்றார்.

"வந்து... போன மாசம், எங்க வீடு எரிஞ்ச அன்னிக்கு, மூணு மணிக்கு... நான் இங்கதான இருந்தேன்?"

அந்த அம்மாவின் முகம் வெளிறியது. "யார் கேட்டா?"

"இன்சூரன்ஸ்ல."

"இருந்தீங்களே! நானும்தான் இருந்தேன்! இதோ இங்கேயே உக்காந்திருந்தேன், நீங்க பக்கத்துல நின்னு பேசிட்டிருந்தீங்க. நாலு மணி வரைக்கும் நான் அசையவே இல்ல. அதையும் சேத்து எழுதட்டுமா?"

எழுதியே கொடுத்துவிட்டார். ஒரு மனிதனுக்காக இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லக்கூடிய நல்ல மனம் உலகத்தில் இருக்கிறதே என்று அரைக்கண்ணருக்குக் கண் கலங்கியது.

ஆனால் தலைமை கிளார்க் காதில் விழுந்துவிட்டது. "என்னப்பா, என்கிட்ட கேக்கமாட்டியா? அன்னிக்கு நீயும் நானும் மாடியில அலமாரி சரிபாத்தோமே! ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும். மறந்துட்டியா?"

"நான் மாடிக்கு..."

"வந்தே. தும்மிக்கிட்டே இருந்தே. குடு அந்தக் காகிதத்தை."

மாலையில் மேனேஜரே கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தினார். "விசாரணை நடக்குதாமே? நம்ம ஆபீசைப் பத்தியா?"

"இல்ல சார், என் வீட்டைப் பத்தி."

"அன்னிக்கு மத்தியானம் பூரா என் ரூம்ல மீட்டிங். நீயும் நானும் மட்டும். முத்திரை போட்டே தரேன்."

மூன்று கடிதங்கள். ஒன்று போதும் என்றிருந்தார்கள். ஆனால் எதை விட்டாலும் கொடுத்தவர் மனம் நோகும். அதோடு ஒன்றைவிட மூன்று பலம். மூன்றையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து விசாரணைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், சாட்சி சொல்ல ஒருத்தரும் கிடைக்காம அழறவங்களைப் பாத்திருக்கேன். ஒரே நேரத்துல மூணு இடத்துல இருந்தவரை இப்பத்தான் பாக்கிறேன்."

"அது... நான் கொஞ்சம் நடமாடிட்டே..."

"ஒருத்தர் நீங்க பக்கத்துலயே நின்னீங்கங்கறார். ஒருத்தர் ரெண்டு மணி நேரமும் மாடியிலங்கறார். ஒருத்தர் கதவைச் சாத்திக்கிட்டு மீட்டிங்னு சொல்றார். நான் தையல்காரர் சொன்னதை வெச்சே முடிச்சிருப்பேன் சார். இப்ப முடியாது. நாளைக்கு நேர்லயே வரேன். ஆபீஸ்ல யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. நீங்க லீவு போட்டுட்டு, வீட்டம்மாவோட மூணு மணிக்கு ஆபீஸ் வாசல்ல நில்லுங்க."

வீடு எரிந்ததிலிருந்து மனைவியின் அண்ணன் வீட்டுக் கூடத்தில்தான் ஜாகை. சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே இரண்டு பாய். அன்று சாப்பிடும்போது அண்ணன்காரர் சிரிக்காமல் சொன்னார்.

"மாப்ள, எங்க வீட்டுத் தீப்பெட்டியை ஒளிச்சு வெச்சிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க. யாரைச் சந்தேகப்படறதுன்னு தெரியல, அதான் ரெண்டு பேர்கிட்டேயும் காட்டல."

மனைவி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். அரைக்கண்ணருக்குக் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு மூவரும் ஆபீசுக்குள் நுழைந்தார்கள்.

உள்ளே யாரும் இல்லை.

மின்விசிறிகள் காலி நாற்காலிகளுக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தன. டைப்பிஸ்ட் அம்மாவின் மேசையில் பாதி அடித்த கடிதம் காற்றில் மெல்ல எழுந்து அடங்கியது. தலைமை கிளார்க்கின் மூக்குக்கண்ணாடி, ஆளில்லாமலே ஏதோ கோப்பைப் படித்துக்கொண்டிருந்தது. மேனேஜரின் கதவு திறந்தே கிடந்தது. தண்ணீருக்கு அடியில் மூழ்கிய ஊரைப்போல எல்லாம் அப்படியப்படியே இருந்தன, மனிதர்கள் மட்டும் இல்லை.

கூட்டிப் பெருக்குகிற அம்மாள் மட்டும் மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து கால் நீட்டியிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் துடைப்பத்தைத் தேடினாள்.

"எல்லாரும் எங்கம்மா?" என்றார் விசாரணைக்காரர்.

"எங்க போவாங்க? வீட்டுக்குத்தான். ரெண்டு மணிக்கு ஒவ்வொருத்தரா நழுவுவாங்க. அடுத்தவங்களுக்குத் தெரியாதுன்னு நினைப்பு. நாலரைக்குத் திரும்பி வருவாங்க."

அரைக்கண்ணர் காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று வருடமாக, இந்த ஆபீசில் ஒரே ஒரு திருடன்தான் இருப்பதாக நினைத்திருந்தார்.

விசாரணைக்காரர் மூன்று கடிதங்களையும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மடித்தார். "அப்போ இது மூணுமே பொய். சாட்சின்னு ஒண்ணுமே இல்ல."

மனைவி முன்னால் வந்தாள்.

"சார், என் பேர்ல எழுதிக்கோங்க. அடுப்பை நான்தான் விட்டுட்டுப் போயிருப்பேன். இவரை விட்டுடுங்க. பாவம், எதுவும் தெரியாத மனுஷன்."

"எழுதாதீங்க!" என்றார் அரைக்கண்ணர். அவர் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று அவருக்கே தெரியாது. "அவ மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான்."

"ஏங்க, என்ன சொல்றீங்க?"

"தினமும் மத்தியானம் வீட்டுக்கு வருவேன். மூணு வருஷமா. ஜன்னல்கிட்ட படுத்திருப்பேன். சும்மாதான். அன்னிக்கும் வந்தேன். தேநீருக்குத் தண்ணி வெச்சேன், அணைக்க மறந்துட்டு இங்க திரும்பிட்டேன். நீ ராத்திரியெல்லாம் அழுதே, அப்பவும் நான் சொல்லல." அவர் விசாரணைக்காரரிடம் திரும்பினார். "எழுதிக்கோங்க சார். வீடு போனாப் போகட்டும். இவ தூங்கணும்."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட வேண்டிய இடம் அது. ஆனால் அவள் முகத்தில் ஒரு மாதமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவிழ்ந்துகொண்டிருந்தது.

விசாரணைக்காரர் குறிப்பேட்டைத் திறந்தார். பேனாவின் மூடியை நிதானமாகக் கழற்றினார். "சரி சார். எத்தனை மணிக்கு இங்கேருந்து கிளம்பினீங்க?"

பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"யாரு, இவரா கிளம்பினாரு? ரெண்டு மணிக்கு மேசையில தலையைச் சாய்ச்சா நாலு மணிக்கு நான் போய் உலுக்கி எழுப்புற வரைக்கும் அசையமாட்டாரு, மூணு வருஷமா எழுப்புறேன். அன்னிக்கு வீடு எரியுதுன்னு போன் வந்தப்பகூட, தூங்கிட்டிருந்தவரு காதுல ரிசீவரை வெச்சதே நான்தான் சார்!"