ஒரு சொட்டு ரத்தமும் பத்து கிலோமீட்டரும்

தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிற மனுசனின் ஷூ அடியில் தேயாமல் இருந்து பார்த்திருக்கிறீர்களா? எங்கள் விளாங்குடி வீட்டில் இருக்கிறது. மூன்று மாதமாகியும் கடையில் வாங்கின மாதிரியே இருக்கிறது.

என் வீட்டுக்காரர் மைக்கேல்ராஜுக்கு முப்பத்தாறு வயது. சுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறது. "ஓடுங்க, இல்லைன்னா மாத்திரைதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மாமனாருக்கு இதே சுகரில் இரண்டு கால்விரல் போயிருக்கிறது. எனக்கு அந்தப் பயம். இவருக்கு மாத்திரையை நினைத்துத்தான் பயம். விடியும் முன் கிளம்புவார். வரும்போது பனியன் தொப்பலாக நனைந்திருக்கும்.

மாடியில் குடியிருக்கும் பவதாரிணி கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். வேலைக்கும் போய்க்கொண்டு நெடுந்தூரம் ஓடுகிறவர்களின் ரத்தத்தைச் சோதிப்பதுதான் அவள் படிப்பு. அவளிடம் இவர் பெயரைக் கொடுத்தேன்.

"ஆராய்ச்சிக்கு என்னையவா? சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்க மேரி" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை, ஓடி வந்தவரை பவதாரிணி வாசலிலேயே நிறுத்தி விரலில் குத்தினாள். சுகர் நூற்றுத் தொண்ணூறு.

"என்னங்க, ஓடினா இறங்கணும். இது ஏறியில்ல நிக்குது?"

"உனக்கென்ன தெரியும்? வேகமா ஓடினா ஈரல்ல இருந்து சர்க்கரை ரத்தத்துக்கு வரும். போன்ல படிச்சேன். தங்கச்சிகிட்டயே கேளு."

"அண்ணன் சொல்றது நிசந்தான்க்கா" என்றாள் பவதாரிணி.

என் முகம் தொங்கிவிட்டது. அவர் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"ஆனா அம்புட்டு வேகமா ஓடியிருந்தா லாக்டேட்டும் ஏறியிருக்கணும்ண்ணே. தசை கடுமையா உழைச்சா ரத்தத்துல கூடுற சரக்கு அது. இன்னொரு சொட்டு குடுங்க."

இரண்டாவது மெஷின் ஒன்று புள்ளி இரண்டு என்று காட்டியது.

"இது நல்லதா தாயி?"

"நாற்காலியில உக்காந்திருக்கவங்களுக்கு இம்புட்டுத்தான் இருக்கும்ண்ணே."

நான் இடுப்பில் கை வைத்தேன். "பனியன் எப்படி நனைஞ்சுச்சு?"

"தெருக்குழாய்ல."

"சுகரு?"

"பருத்திப்பால். ரெண்டு டம்ளர். கருப்பட்டி கொஞ்சம் தூக்கல். நான் மட்டுமா? பக்கத்து வீட்டு இம்மானுவேலும்தான் கூட நின்னு குடிச்சான்!"

நாளையிலிருந்து அவர் முன்னால் ஓட வேண்டும். குழந்தை ஆன்சியை வைத்துக்கொண்டு நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே வருவேன். இதுதான் தீர்ப்பு.

பவதாரிணி பெட்டியை மூடினாள். சுவருக்கு அந்தப் பக்கம் இம்மானுவேல் அண்ணன் புஸ்ஸு புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டு படியேறினார். "பாவம், ஓடிக் களைச்சு வாராக" என்று அவர் சம்சாரம் இளநீரை நீட்டியது.

என் வீட்டுக்காரர் அதைக் கண் கொட்டாமல் பார்த்தார்.

"தங்கச்சி, அந்தப் பெட்டியைத் திற. போற வழியில அவனுக்கும் ரெண்டு சொட்டு எடுத்துட்டுப் போயிரும்மா."